மௌனம் கிடைத்தவர்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் உயிரோடுதான் இருக்கிறேன். ஒரு கடிதத்தை இப்படித் தொடங்க வேண்டிவரும் என்று கனவில்கூட நினைத்ததில்லை.

உங்கள் முகவரி ‘காதோரம்’ இணையப் பக்கத்தின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது. அந்த முகவரிக்கு இதுவரை யாராவது தபால் போட்டிருக்கிறார்களா தெரியவில்லை. எனக்கு வேறு வழி இல்லை. காதுக்குள் ஓயாமல் இரைச்சல் கேட்கிறவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள நீங்கள் நடத்தும் இடம் அது. அங்கே இத்தனை வருடம் ‘கண்ணாடிக்காரர்’ என்ற பெயரில் எழுதிவந்தவன் நான். கண்ணாடி வெட்டும் கடை வைத்திருப்பவன். இப்போது அங்கே என்னால் ஒரு எழுத்துகூடப் போட முடியவில்லை.

அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஊருக்குப் போய்ப் பத்துப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தேன். அங்கே போனில் நெட் கிடைக்காது. வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் என் கணக்கு பூட்டியிருக்கிறது. பெயருக்குக் கீழே ‘மௌனம் கிடைத்தவர்’ என்று இருக்கிறது. நம்மில் யாராவது இறந்தால் நீங்கள் இடும் வாசகம் அது. வாழ்நாள் முழுக்க ஒரு நொடி அமைதி கிடைக்காதவர்களுக்கு இதைவிட நல்ல அஞ்சலி இல்லை என்று நானே ஒருமுறை பாராட்டி எழுதியிருக்கிறேன். அது இப்போது என் தலையில் விடிந்திருக்கிறது.

அஞ்சலிப் பக்கத்தை முழுக்கப் படித்தேன். என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாகப் பேச ஆள் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் முன்பே செத்திருப்பேன். புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, ‘நான்தான், இருக்கிறேன்’ என்று போட்டேன். நீங்கள் உடனே மூடிவிட்டீர்கள். இன்னொன்று தொடங்கினேன். அதுவும் போனது. மின்னஞ்சல் அனுப்பினால் போன வேகத்தில் திரும்பி வருகிறது.

எனக்காக நான் இதை எழுதவில்லை டீச்சர். விசில் என்ற பெயரில் ஒரு பெண் இருக்கிறாளே, ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் இடத்தில் வேலை பார்ப்பவள், தனியாக இருப்பவள். அவளுக்கு மோசமாக இருக்கும் நாட்களில் நான்தான் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பேன். அவள் என் அஞ்சலியில் எழுதியிருக்கிறாள்: ‘அண்ணனையே அந்தச் சத்தம் கொண்டுபோயிடுச்சுன்னா நான் எம்மாத்திரம்.’ அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நான் சாகவில்லை, அந்தச் சத்தம் யாரையும் கொல்லாது என்று அவளுக்கு மட்டுமாவது தெரிய வேண்டும். அது உங்கள் ஒருவர் கையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரர்


ஜனவரி 15

கடிதம் எழுதியவருக்கு,

உங்களைக் கண்ணாடிக்காரர் என்று அழைக்க எனக்குக் கை வரவில்லை. அவருக்காக நான் அழுதிருக்கிறேன்.

அவர் இறந்த செய்தி அவருடைய கணக்கிலிருந்தே வந்தது. அவர் மனைவி எழுதியிருந்தார். அதன்பேரில்தான் மௌனம் கொடுத்தேன். கொடுத்த மௌனத்தைத் திரும்ப எடுப்பதில்லை, அதற்கு மேல்முறையீடும் இல்லை என்பது எங்கள் விதி. விதியை எழுதியவள் நான். காரணத்தையும் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் உறுப்பினர் ஒருவர் இறந்தார். காதில் புறா முனகுவதுபோல் கேட்கும் என்பார். எல்லோரும் புறா என்றே அழைப்போம். அவர் கணவரும் எங்களோடு இருந்தார். மூன்று மாதம் கழித்துப் புதுக் கணக்கில் ஒருவர் வந்து, ‘நான் சாகவில்லை, என்னை ஓர் இடத்தில் அடைத்துவைத்திருக்கிறார்கள்’ என்று எழுதினார். புறா எழுதும் விதமாகவே எழுதினார். அந்தக் கணவர் ஒரு வாரம் நம்பினார். அந்த ஒரு வாரம் அவர் எங்கெல்லாம் போய்த் தேடினார் என்பதை இங்கே எழுத எனக்குத் தெம்பு இல்லை. வந்தவர் வேலைவெட்டி இல்லாத யாரோ ஒருவர். அவரும், ஒரு உயிர் போய்விடும், அவசரம் என்றுதான் எழுதினார். நீங்களும் அதையே எழுதுகிறீர்கள்.

நான் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவள். ஒரு பையனுக்கு அரை மதிப்பெண்ணைக் கூட்டிப்போட்டால் மறுநாள் வகுப்பே என் மேஜைமுன் வரிசையில் நிற்கும். போட்டது போட்டதுதான் என்று இருந்தால்தான் வகுப்பு நடக்கும்.

இருந்தாலும் உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. காதோரத்தில் சேரும் ஒவ்வொருவரிடமும் நான் ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் காதில் என்ன கேட்கிறது? பதிலை நான் மட்டும்தான் படிப்பேன். கண்ணாடிக்காரர் தன் சத்தத்தைப் பற்றிப் பொதுவில் பலமுறை எழுதியிருக்கிறார். ஆனால் சேரும்போது என்னிடம் எழுதியதில், வேறெங்கும் சொல்லாத ஒன்று இருந்தது. நீங்கள் அவர்தான் என்றால் உங்கள் காதில் கேட்பதை எழுதுங்கள்.

டீச்சர்


ஜனவரி 21

டீச்சருக்கு,

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்.

யாரோ கண்ணாடியைத் தட்டுகிறார்கள். விரல் முட்டியால். பலமாக இல்லை, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி, தட்டிவிட்டு நின்று, திரும்பத் தட்டுவது. கடையில் ஆளுயரக் கண்ணாடிகளைச் சுவரோடு சாய்த்து வைத்திருப்பேன். ஒவ்வொரு தட்டலுக்கும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். கண்ணாடிக்குள் நான்தான் நிற்கிறேன். அஞ்சலிப் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து இப்படித்தான். அந்தப் பக்கம் இருப்பவன்தான் தட்டுகிறானோ என்று ஒரு நிமிஷம் தோன்றும். டீச்சரிடம் சொல்கிற விஷயமா இது என்றும் தோன்றுகிறது. கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

அந்தச் செய்தியை யார் அனுப்பினார்கள் என்று என் மனைவியிடம் கேட்டேன். “யாராவது உள்ள புகுந்து எழுதியிருப்பாங்க. இப்பதான் எல்லாத்தையும் திருடுறாங்களே” என்றாள். சொல்லிவிட்டு, காய்ந்துபோன துணியை மறுபடி உதறிக் காயப்போட்டாள்.

விசிலிடமிருந்து ஏதாவது வந்ததா?

கண்ணாடிக்காரர்


ஜனவரி 27

கடிதம் எழுதியவருக்கு,

அவர் எழுதியது இது அல்ல. ஒரு வார்த்தைகூடப் பொருந்தவில்லை.

உங்கள் எழுத்தில் அவருடைய கிண்டல் இருக்கிறது, அவருடைய சலிப்பும் இருக்கிறது. இத்தனை வருடம் அவர் எழுதியதையெல்லாம் கவனமாகப் படித்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. அந்த உழைப்பை ஒரு நல்ல காரியத்துக்குச் செலவு செய்யுங்கள். விசில் துக்கத்தில் இருக்கிறார். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இனி எழுதாதீர்கள். எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

கடிதத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் மன்னிக்கவும். குழாய் எங்கோ திறந்திருக்கிறது. இதை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன்.

டீச்சர்


பிப்ரவரி 6

டீச்சருக்கு,

பிரிக்காமல் அனுப்புவேன் என்றீர்கள். பிரித்திருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். பேய்க்கு ரோஷம் இருக்கக்கூடாது.

நீங்கள் கேட்டது என் பழைய சத்தத்தை என்று உங்கள் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது. அதை எழுதலாம் என்று உட்கார்ந்தால் வரவில்லை. கண்ணாடியைப் பற்றி ஏதோ எழுதினேன் என்பது தெரியும். ஆனால் அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று உள்ளே தேடினால் தட்டல்தான் கேட்கிறது. புதுச் சத்தம் குடிவந்தால் பழையது இருந்த தடமே இருக்காது. உங்களுக்கும் இதே வியாதிதானே, தெரியாதா?

அது போகட்டும். இப்போது சொல்லப்போவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். மத்தியானம் வந்தால் என் மனைவி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை.

“நான்தான் எழுதினேன்” என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

“ஊருக்குப் போனீங்க. போய்ச் சேர்ந்தாச்சுன்னு எனக்கு ஒரு போன் இல்ல. வீட்ட பெருக்கும்போது கம்ப்யூட்டர் திறந்தே கிடந்துச்சு. பஸ்ஸுல போகும்போதே அந்தப் பொண்ணுக்கு எழுதியிருக்கீங்க, சாப்பிட்டியா, தூங்கினியான்னு. நான் சாப்பிட்டேனான்னு நீங்க கடைசியா எப்ப கேட்டீங்க?”

“அதுக்காக ஆளையே சாகடிப்பியா?”

“எனக்கு நீங்க எப்பவோ இல்ல. அவங்களுக்கும் இல்லாம இருந்தா என்னன்னு தோணுச்சு.”

குரலை உயர்த்தவில்லை டீச்சர். பால்காரர் வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். உங்களுக்கு என்ன எழுதினாள் என்பதையும் மறக்காமல் சொன்னாள். கடைசி வரியாக, ‘இனிமேலாவது இந்த வீடு அமைதியாக இருக்கட்டும்’ என்று எழுதினாளாம். “அத மட்டும் அந்த டீச்சர் போடல. மத்ததெல்லாம் பொய். அது ஒண்ணுதான் நிஜம்” என்றாள்.

நான் பின்னறையில் போய் உட்கார்ந்தேன். தட்டிக்கொண்டே இருந்தது.

என்னை நம்ப வேண்டாம். விசிலிடம் மட்டும் சொல்லுங்கள்.

கண்ணாடிக்காரர்


பிப்ரவரி 12

கண்ணாடிக்காரருக்கு,

நீங்கள்தான். என்னை மன்னியுங்கள்.

உங்கள் மனைவி எழுதியதில் அந்தக் கடைசி வரியை வெட்டியவள் நான். துக்கத்தில் எழுதியது, பின்னால் அவருக்கே சங்கடமாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த வரி இருந்தது எனக்கும் அதை எழுதியவருக்கும் மட்டும்தான் தெரியும். ‘அந்தச் சத்தம்தான் அவரைக் கொண்டுபோனது’ என்ற வரியை மட்டும் அப்படியே விட்டேன். விசிலைப் பயமுறுத்தியது அதுதான்.

ஆனால் உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குள் ஏதோ சரிந்திருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்த மன்னிப்புக்கு அர்த்தம் இல்லை.

குழாய் ஒழுகுகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? பிளம்பரை வரச்சொன்னேன். சமையலறை, குளியலறை, மாடித் தொட்டி எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. “கேக்குதே, நிஜமாவே உங்களுக்குக் கேக்கலயா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டே, “டீச்சர், குழாய்ல ஒண்ணும் இல்ல. நீங்க காதத்தான் காட்டணும்” என்றார். கூலிகூட வாங்காமல் போனார்.

அன்றைக்குக் காதோரத்தில் என் சொந்தப் பதிலைத் தேடி எடுத்தேன். நான்தான் முதல் உறுப்பினர். என் கேள்விக்கு நானே எழுதிய பதில் இருக்கிறது. ‘டியூப்லைட் சோக் பழுதானால் ஒரு ரீங்காரம் வருமே, அது’ என்று எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுக் கண்ணை மூடி அந்த ரீங்காரத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. தண்ணீர்தான் ஓடியது. இன்றைக்கு நான் புதிதாக வந்து கதவைத் தட்டினால் என்னை நானே உள்ளே விட மாட்டேன்.

நம் சத்தங்கள் மாறும் என்று நூறு பேருக்கு ஆறுதல் சொன்னவள் நான். அதே சத்தத்தைத்தான் உங்களிடம் அடையாளச் சீட்டாகக் கேட்டேன். பள்ளியில்கூட, மறுகூட்டலுக்கு யாராவது எழுதிக் கொடுத்தால்தான் விடைத்தாளை வெளியே எடுப்போம். போட்ட மதிப்பெண்ணை நானாக ஒருநாளும் திரும்பப் பார்த்ததில்லை. புறா விஷயத்தில் ஒருமுறை ஏமாந்ததால், பிறகு வந்தவர்களிடமெல்லாம் ஏமாறாமல் இருப்பதே என் வேலை என்று இருந்துவிட்டேன்.

உங்கள் கணக்கைத் திறக்கத்தான் உட்கார்ந்தேன். திறக்கும் முன் ஒன்றைப் பார்த்தேன். அங்கேயே கை நின்றுவிட்டது.

மௌனம் கொடுத்த கணக்கிலிருந்து யாரும் எழுத முடியாது. ஆனால் அதற்கு மற்றவர்கள் தனிச்செய்தி அனுப்பலாம். அதை நான் வேண்டுமென்றே அடைக்கவில்லை. இறந்தவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று சிலருக்கு இருக்கும். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்தேன். யாரும் படிக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். என்னாலும் படிக்க முடியாது. யாரிடமிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும்.

விசில் உயிரோடு இருக்கிறார். தினமும் உங்களுக்கு எழுதுகிறார். சில நாள் இரண்டு, மூன்று.

நான் கணக்கைத் திறந்தால், செத்தவரிடம் அவர் சொன்னதையெல்லாம் நீங்கள் படித்துவிடுவீர்கள். திறக்காவிட்டால் நீங்கள் செத்தவராகவே இருப்பீர்கள். போன மாதம் யோசிக்காமல் ஒரு முடிவை எடுத்தேன். இப்போது இரண்டு நாளாக யோசித்தும் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

டீச்சர்


பிப்ரவரி 18

டீச்சருக்கு,

திறக்காதீர்கள்.

முதலில் அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற வரியை நாலைந்து முறை படித்தேன். அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. உண்மையைச் சொன்னால், என்ன எழுதியிருப்பாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. என்னோடு பேசும்போது எல்லாவற்றுக்கும் ‘பரவால்ல அண்ணா’ என்பாள். பரவாயில்லை என்பதற்குக் கீழே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அது எனக்கு வந்த தபால் இல்லை. என் பேரில் இருக்கிற வேறொருவருக்கு வந்தது.

அதே சமயம் நான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாமல் விடவும் முடியாது. யார் போய்ச் சொல்வது? நீங்கள் சொன்னால், அன்றைக்குச் செத்தார் என்றீர்கள், இன்றைக்கு இருக்கிறார் என்கிறீர்கள், எதை நம்ப என்பாள். நான் சொன்னால், நீங்கள் கேட்ட கேள்வியையே அவளும் கேட்பாள்.

மனைவியிடம் கேட்டேன். மூன்றாம் நாள் தட்டைக் கழுவிக்கொண்டே, “நான் சொல்லித்தானே நம்பினாங்க. நானே போய்ச் சொல்றேன்” என்றாள். எதற்கும் நானும் கூட வரவா என்றேன். “நீங்க வரலன்னா அவ எப்படி நம்புவா? வாங்க. ஆனா தள்ளி நில்லுங்க” என்றாள்.

விசிலைக் கேட்டுச் சொல்லுங்கள். அவள் சம்மதிக்கும் இடத்துக்கு வருகிறோம்.

கண்ணாடிக்காரர்


பிப்ரவரி 24

கண்ணாடிக்காரருக்கு,

‘கண்ணாடிக்காரரின் மனைவி உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்’ என்று மட்டும் விசிலுக்கு எழுதினேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அரைமணி நேரத்தில் பதில் வந்தது. வேலை செய்யும் இடத்துக்கே, மத்தியான ஷிப்ட் முடியும்போது வரச்சொன்னார். ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழி.

‘பாவம், அவங்கள நான் தேடிப் போயிருக்கணும்’ என்றும் எழுதியிருந்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

டீச்சர்


மார்ச் 5

டீச்சருக்கு,

நேற்றுப் போய்வந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பின்வாசலில் நுழைந்தால் நீளமான ஷெட். இரண்டு பக்கமும் பீரோ உயரத்துக்குத் துவைக்கும் மெஷின்கள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ஆவியும் சோப்பு வாடையும் மூக்கை அடைத்தன. என் மனைவி என்னைத் துணி வண்டிகள் நிறுத்தியிருக்கும் இடத்தில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனாள். கடைசி மேஜையில் ஒரு பெண் படுக்கைவிரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நான் நினைத்ததைவிட வயதானவள். என் தங்கை என்று இத்தனை நாள் எண்ணியவள் என் வயதுக்காரி.

அவள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்கிறாள் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. இவள் கையை விடுவித்துக்கொள்ளப் பார்க்கிறாள், அவள் விடவில்லை. இவள் ஏதோ சொன்னாள். மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. இவள் இன்னும் சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது. கடைசியில் ஷெட் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: “அவர் சாகல. நான்தான் பொய் சொன்னேன். அதோ நிக்கறார்.”

அந்த நேரம் பார்த்து ஒரு மெஷின் ஓடி முடிந்து நின்றது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று தெரியவில்லை. வகுப்பில் ஆஜர் சொல்கிற மாதிரி.

விசில் உடனே என்னிடம் வரவில்லை. மடித்த விரிப்பை உதறி மறுபடி மடித்தாள். அப்புறம் மெதுவாக நடந்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல், சட்டைப் பொத்தானைப் பார்த்துக் கேட்டாள்.

“நான் எழுதினதெல்லாம் படிச்சீங்களா?”

“இல்லம்மா.”

“ஒண்ணுகூட?”

“கணக்கே திறக்கல. டீச்சரும் பார்க்கல.”

“அப்ப சரி” என்றாள். அப்படியே அழுக்குத்துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும் இருந்தது. பிறகு என் மனைவியைப் பார்த்து, “ஏன்க்கா, உயிரோட இருக்கிற மனுசனப் போய்...” என்று ஆரம்பித்தாள்.

“உயிரோட இருக்கிறத நான் வீட்டுல பார்த்ததே இல்லயே, தங்கச்சி” என்றாள் இவள்.

மெஷின் திரும்ப ஓடத் தொடங்கியது. விசில் எழுந்து என் காதருகே வந்து சொன்னாள்: “இந்த மெஷின் ஓடும்போதுதான் எனக்கு அது கேக்காது. அதான் ஓவர்டைம் பார்க்கிறேன்.” இதை அவள் எனக்கு எழுதியதே இல்லை.

கிளம்பும்போது அவளிடம் கேட்டேன், அந்தச் செய்திகளை டீச்சர் அழித்துவிடலாமா என்று. வேண்டாம் என்றாள். “அது செத்தவருக்கு எழுதினது. அவர்கிட்டயே இருக்கட்டும். என்னால எழுதாம இருக்க முடியுதான்னு பார்க்கிறேன். நீங்க வேற பேர்ல வாங்க.”

பஸ்ஸில் திரும்பும்போது என் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். “செத்துப்போனவங்களுக்கு அங்க எழுதலாமா?” என்று ஒருமுறை கேட்டாள். எழுதலாம் என்றேன்.

கண்ணாடிக்காரர்


மார்ச் 29

கண்ணாடிக்கார அண்ணாவுக்கு,

நீங்கள் புதுப் பெயரில் சேர்ந்ததிலிருந்து அங்கே நடக்கும் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். தவறு என்னுடையது என்று முதல் பக்கத்திலேயே எழுதிப் போட்டேன். பாதிப்பேர் என்னைத் திட்டினார்கள். மீதிப்பேர் உங்களைப் போலி என்று சொல்லி வெளியேற்றச் சொல்கிறார்கள். புறாவின் கணவர் மட்டும் எனக்குத் தனியாக எழுதினார்: ‘ஒருத்தராவது நிஜமாத் திரும்பி வந்தாரே.’ அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

விசில் பொதுவில் பேசத் தொடங்கியிருக்கிறார். உங்கள் பழைய கணக்குக்கு எழுதுவதை நிறுத்திவிட்டார். இன்னொரு மாற்றமும் செய்தேன். மௌனம் கொடுப்பதை இனி நான் தனியாக முடிவு செய்ய மாட்டேன். யார் என்ன முடிவு எடுத்தாலும், யாரும் கேட்காவிட்டாலும், மாதம் ஒருமுறை இன்னொருவர் எடுத்துப் பார்ப்பார். என் முடிவுகளைப் பார்ப்பவர் விசில். கண்டிப்பானவர். என் இரண்டு முடிவுகள் ஏற்கெனவே அடி வாங்கிவிட்டன.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லவே கூடாது. சேர்க்கைக் கேள்விக்கு வரும் பதில்களை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த ஒருமுறை சொல்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் புதிதாக ஒருவர் விண்ணப்பித்தார். பெயர் எழுதவில்லை. காதில் என்ன கேட்கிறது என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தார்: ‘எனக்குக் காதில் ஒன்றும் இல்லை. பக்கத்து அறையில் ஒருவர் டைப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. பல வருடமாக.’

இரைச்சல் இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை என்பதும் நான் எழுதிய விதிதான். விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டேன். அந்த வார விடைத்தாள்களைத் திருத்தவே முடியவில்லை. யாரும் கேட்கவில்லை, மேல்முறையீடும் வரவில்லை. நானாகவே எடுத்துத் திரும்பப் படித்தேன். சேர்த்துக்கொண்டேன்.

அவர் எங்கும் எதுவும் எழுதுவதில்லை, ஒரே ஓர் இடத்தைத் தவிர. உங்கள் பழைய கணக்குக்குத் தினமும் ஒரு செய்தி வருகிறது.

திறக்கச் சொன்னால் திறக்கிறேன்.

டீச்சர்


ஏப்ரல் 4

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

அன்றைக்கு மாலையே பின்னறையில் இருந்த கம்ப்யூட்டர் மேஜையைக் கூடத்துக்கு நகர்த்தினேன். கனமான மேஜை. நான் ஒற்றை ஆளாக இழுப்பதைப் பார்த்துவிட்டு அவளும் ஒரு பக்கம் பிடித்தாள்.

“இங்க போட்டா வழி மறிக்கும்” என்றாள்.

“மறிக்கட்டும்.”

“டிவி பார்க்கும்போது லொட்டு லொட்டுன்னு தட்டிட்டு இருப்பீங்க.”

“தொந்தரவா இருக்குமா?”

“பழகிடுச்சு” என்றாள்.

இரவு சாப்பிடும்போது, சாப்பிட்டியா என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவளிடம் அதைக் கேட்டேன். என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லயே” என்று எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அறைக்குள்ளே அவள் போனில் எழுதும் வெளிச்சம் கதவிடுக்கில் தெரிந்தது.

எனக்கு அவர்மேல் பொறாமையாக இருக்கிறது டீச்சர், அந்தச் செத்தவர்மேல்.

கணக்கைத் திறக்காதீர்கள். நான் கெஞ்சிக் கேட்டாலும் திறக்காதீர்கள். இந்த ஒரு முடிவை மட்டும் விசிலிடம்கூடக் கொடுக்காதீர்கள். அவளாக என்னிடம் சொல்லும்வரை நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

கண்ணாடியில் தட்டும் சத்தம் அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் எழுந்து போய்க் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. அவள் பக்கம் திரும்பி, “கூப்பிட்டியா?” என்று கேட்கிறேன். இல்லை என்கிறாள். அடுத்த தட்டலுக்கும் கேட்கிறேன்.

கண்ணாடிக்காரர்